பெரியவளாகிவிட்டாள்

“பிள்ளை பெரியவளாகிவிட்டாள், ஐயா!” தோட்டப்புறத்துப் பெற்றோர் இதனைச் சொல்லும்போது மகிழ்ச்சியும் கவலையும் முகத்தில் ஒருங்கே தோன்றும். மஞ்சள் நீராட்டு முடிந்த சில ஆண்டுகளிலேயே மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு எழுந்துவிடும்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்துப் பீடோங் வட்டாரத் தோட்டப்பள்ளி ஒன்றில் பணியேற்றிருந்த காலம். என்னிடம் ஆறாம் ஆண்டு பயின்றுசென்ற மாணவி ஒருத்திக்குப் பதினைந்தாம் வயதில் கோயிலில் தாலி கட்டினர். முஸ்லிம் அல்லாதார்க்குத் திருமண வயது 18. 16 நிரம்பிய பெண்ணாயின் மந்திரி பெசாரின் சிறப்பு அனுமதி வேண்டும். இவ்வாறு விதிக்கும் 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் முதல் நாளே நடப்புக்கு வந்துவிட்டது. அறிந்திருந்தும் அட்சதை தூவி, மொய் எழுதித் திரும்பினேன்.

பல்லாண்டுகளுக்குப் பின், நான் தலைமையாசிரியராயிருந்த சுங்கைப் பட்டாணிப் பள்ளியில் மகளை ஐந்தாம் ஆண்டில் சேர்க்க அவள் வந்தாள்.

“ஐயா, உடம்பைப்பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. இவளுக்குச் சொல்ல எனக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லித்தாருங்கள்.”

அவள் என்னைக் குறை கூறவில்லை. ஆயினும் என் செவிக்கு அது குற்றச்சாட்டாகவே ஒலித்தது. 2011 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த கலைத்திட்டத்தில், நலக்கல்விப் பாடம் இனப்பெருக்க நலத்தையும் உள்ளடக்கியுள்ளது. அப்பக்கங்களை வீட்டில் படிக்கச் சொல்லிப் புரட்டிவிட்ட ஆசிரியருள் நானும் ஒருவன்.

அண்டைத் தேசியப் பள்ளியின் சமய ஆசிரியை ஒருவரிடம் இதனைச் சொன்னேன். தொழுகைக்குரிய தூய்மையைக் கற்பிக்கும்போதே மாதவிலக்கைப்பற்றியும் தாம் பேசுவதாகக் கூறினார். “உடல் பருவமடைவது பாலிக், நன்மை தீமை பகுத்தறியும் முதிர்ச்சி ருஷ்து. இரண்டும் ஒரே நாளில் வருவதில்லை, சார்,” என்றார். 2018இல் கிளந்தானில் வசித்த பதினொரு வயதுச் சிறுமி மணமுடிக்கப்பட்ட செய்தி நாட்டையே உலுக்கியது. அவ்வாண்டே சிலாங்கூர் மாநிலம் முஸ்லிம் பெண்களின் திருமண வயதை 16இலிருந்து 18ஆக உயர்த்தியது.

நாமோ உடல் பூத்த அன்றே ‘பெரியவள்’ என்று பெயரிட்டுவிடுகிறோம். 15 முதல் 19 வயதுப் பெண்களின் இறப்புக்கு மகப்பேற்றுச் சிக்கல்கள் உலக அளவில் முன்னணிக் காரணங்களுள் ஒன்றாக இருப்பதை எத்தனை பெற்றோரிடம் நாம் எடுத்துரைத்திருக்கிறோம்? ஆசிரியத் தோழர்களே, நாணம் பண்பாடாகலாம். அறியாமை ஒருபோதும் பண்பாடாகாது.

மறுமாதம் ஆசிரியை ஒருவரைக்கொண்டு, தாய்மாரையும் வரவழைத்து, அப்பாடத்தை நடத்தினோம். முன்வரிசையில் என் பழைய மாணவி மகளோடு அமர்ந்திருந்தாள். குறிப்பேடு இருவர் கையிலும் இருந்தது.