தோள் மாறிய சிலுவை

"அது என் சிலுவை, சுமந்துதான் ஆகவேண்டும்" என்று பேசுவது நம்மிடையே சர்வ சாதாரணமாகிவிட்டது. தீராத வயிற்றுவலியைப் பற்றி ஒருவர் அப்படிச் சொல்கிறார். குடிகாரப் பிள்ளையைப் பற்றி இன்னொருவர். மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் மட்டுமல்ல, நெற்றி நிறையத் திருநீறு பூசியவர்களும் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லின் கனம் நமக்குத் தெரியுமா?

ரோமாபுரியில் சிலுவை என்பது நம் நாட்டுக் கழுமரத்தைப் போன்றது. அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய தண்டனை. கி.மு. 71-இல் ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கிளர்ச்சியை அடக்கிய பிறகு, பிடிபட்ட 6,000 பேரைக் கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரம் வரிசையாகச் சிலுவையில் அறைந்தார்கள். போகிறவன் வருகிறவன் பார்த்து நடுங்க வேண்டும், அதுதான் நோக்கம். ரோமின் பாலத்தைன் குன்றில் ஒரு பழைய சுவர்க்கிறுக்கல் அகப்பட்டது. சிலுவையில் கழுதைத் தலையோடு ஓர் உருவம். கீழே அதை வணங்கும் ஒரு மனிதன். கிறிஸ்தவன் ஒருவனை யாரோ கேலி செய்திருக்கிறார்கள்!

இத்தகைய அவமானச் சின்னம் வணக்கத்துக்குரியதானது எப்படி? நான் கிறிஸ்தவன் அல்லன். கதை எழுதுகிறவனின் கண்ணோடு சுவிசேஷங்களைப் படித்தவன். கடவுளே அடிமையின் இடத்தில் வந்து நின்று, மனிதரின் பாவத்தைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அறைந்தவர்களைச் சபிக்காமல், அவர்களுக்காகப் பிதாவிடம் வேண்டிக்கொண்டு அவர் இறக்கிறார். அடிபட்டவன் இன்னொருவனை அடிக்கிறான், அவன் வேறொருவனை. ஆதிகாலந்தொட்டு நீளும் அந்தச் சங்கிலி அங்கே ஒருவரிடம் வந்து அறுந்துவிடுகிறது. எனக்குப் புரிந்த சிலுவை அதுதான்.

இதை எழுதத் தூண்டியது ஒரு வாசகியின் கடிதம். "கணவர் கை ஓங்கும்போதெல்லாம், 'பொறுத்துக்கொள் அம்மா, இது உனக்கு வந்த சிலுவை' என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். அடி வாங்குவதுதான் சிலுவையா?" என்று கேட்டிருந்தார்.

இல்லை, சகோதரி. சிலுவையைத் தானாக ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். இன்னொருவர் தோளில் ஏற்றிவிட்டு, 'பொறு' என்று உபதேசிக்க யாருக்கும் உரிமை இல்லை. அந்தக் காரியத்தைச் செய்தவர்கள் ரோமச் சிப்பாய்கள். அதே கதையில் சீரேனே ஊர்ச் சீமோன் என்று ஒருவன் வருகிறான். வயலிலிருந்து வந்துகொண்டிருந்த அவனைப் பிடித்துச் சுமக்கச் சொல்கிறார்கள், சுமக்கிறான். பெரியவர்கள் ஏற்கவேண்டிய பாத்திரம் அது. தோள் கொடுக்கட்டும், ஓங்கிய கையைப் பிடிக்கட்டும். மன்னிப்பதற்காக, அந்தக் கைக்கு எட்டும் தூரத்தில் நீங்கள் நிற்கவேண்டும் என்பதில்லை.

அப்படியானால் மன்னிப்பு என்பது என்ன? பழிவாங்கும் அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தால் என் பேனா தானே ஓடும். மன்னிக்கும் அத்தியாயத்தில் தடுமாறும். வாசகர்கள் நம்பமாட்டார்கள் என்ற பயம். ஆகவே கற்பனையை விட்டு, நடந்ததையே சொல்கிறேன்.

1940 நவம்பர் 14 இரவு, ஜெர்மானிய விமானங்கள் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரைக் குண்டுபோட்டு அழித்தன. ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். பழம்பெரும் தேவாலயம் எரிந்தது. கரிந்து விழுந்த இரண்டு உத்தரங்களை ஒரு கல்தச்சர் குறுக்காகச் சேர்த்துச் சிலுவையாக நிறுத்தினார். பின்னர், தந்தையிடம் மன்னிப்பு வேண்டும் இரண்டு சொற்களைப் பலிபீடத்தின் பின்சுவரில் பொறித்தார்கள். 'அவர்களை' என்ற சொல்லை மட்டும் சேர்க்கவில்லை. மன்னிப்பு எதிரிக்கு மட்டும் தேவைப்படுவதில்லையே!

1945 பிப்ரவரியில் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரைத் தாக்கின. சுமார் 25,000 பேர் மாண்டனர். அங்கிருந்த மாதா தேவாலயமும் இடிந்து விழுந்தது. அறுபது ஆண்டுகள் கழித்து, 2005-இல் அதை மறுபடி எழுப்பித் திறந்தார்கள். கோபுர உச்சியில் மின்னும் பொற்சிலுவை இங்கிலாந்திலிருந்து வந்த காணிக்கை. அதைச் செய்வதில் முன்னின்ற பொற்கொல்லரின் தகப்பனார், அந்த நகரின்மேல் குண்டுபோடப் பறந்த விமானம் ஒன்றில் இருந்தவர்.

தகப்பன் விட்டுச்சென்ற பாரத்தை மகன் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டான். யாரும் அவனைச் சுமக்கச் சொல்லவில்லை.