நெய்ததும் முடைந்ததும் தட்டியதும்

'துணி' என்னும் சொல்லுக்கு வெட்டப்பட்டது என்று பொருள். துணித்தல் என்றால் வெட்டுதல். தறியில் நீளும் நெசவிலிருந்து வேண்டிய அளவை வெட்டி எடுப்பதால் அப்பெயர் அமைந்தது. 'அறுவை' என்ற பழஞ்சொல்லும் அவ்வாறு பிறந்ததே. ஆனால் உடுப்பது, விரிப்பது, போர்த்துவது அனைத்தையும் துணி என்றே சொல்லிப் பழகினால், தமிழ் வைத்திருக்கும் நுட்பமான வேறுபாடுகள் மறந்துபோகும்.

நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்று கச்சால். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின், இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில அங்குள்ள ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. அவர்களுக்கு அண்டை வீட்டார் நிக்கோபாரிய மக்கள். அக்குடும்பங்களுள் ஒன்றில் பிறந்த சிறுமி ஒருத்தி, 'நிக்கோபாரியர் தாழை ஓலையால் பாய் நெய்வர்' என்று தன் ஏட்டில் எழுதி உரக்கப் படித்தாள். வாசலில் அமர்ந்திருந்த பாட்டி உடனே மறுத்தார்.

"நெய்யறது இல்ல கண்ணு, முடையறது. அங்க தறி எங்க இருக்கு?"

பாட்டியின் கேள்வியிலேயே இலக்கணம் அடங்கியிருக்கிறது. நெய்வதற்கு நூல் வேண்டும். பஞ்சையோ பட்டையோ முறுக்கி நூலாக்கி, நீளவாக்கில் பாவாக இழுத்துக் கட்டி, குறுக்கே ஊடையை ஓட்ட வேண்டும். பாவு விறைப்பாக நிற்கத்தான் தறி. முடைவதற்கு நூலும் இல்லை, தறியும் இல்லை. தாழை ஓலையின் முள்ளை நீக்கி, உலர்த்தி, நாடாவாகக் கிழித்தால் போதும். ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும்படி விரல்களே பின்னிவிடும். பனையோலைப் பெட்டியும் தென்னங்கீற்றும் இவ்வினத்தவை. வைக்கோலாலும் புல்லாலும் கூரை போடுவதோ பின்னுவதன்று. அதற்கு 'வேய்தல்' என்று தனிச்சொல் உண்டு. நிக்கோபாரியரின் வட்டக் குடிசைகள் புல் வேய்ந்தவை. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலைக்குப் பின் அரசு கட்டித்தந்த வீடுகளுக்குத் தகரக் கூரை வந்தது. தகரத்தை யாரும் வேய்வதில்லை, போடுகிறார்கள்.

இரண்டுக்கும் இடைப்பட்டது திருநெல்வேலிச் சீமையின் பத்தமடைப் பாய். அங்கே கோரைப் புல்லை நீரில் ஊறவைத்து மெல்லியதாகக் கிழித்து, பருத்தி நூல் பாவினிடையே ஊடையாகச் செலுத்துகிறார்கள். ஊடை புல், பாவு நூல், கருவி தறி. ஆகவே பத்தமடையில் பாயையும் நெய்கிறார்கள் என்றால் பாட்டியும் ஒப்புக்கொள்வார்.

மூன்றாவது வகைக்கு நூலும் வேண்டாம், ஓலையும் வேண்டாம். ஃபெல்ட் என்பது அதன் பெயர். (இடுப்பில் கட்டும் பெல்ட் வேறு, இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மாணவர் பலர்.) ஆட்டு மயிரின் ஒவ்வோர் இழையின்மீதும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உள்ளன. மயிரைப் பரப்பி, வெதுவெதுப்பான சோப்பு நீர் தெளித்து அழுத்தித் தேய்த்தால் அச்செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பிறகு பிரிக்க முடியாது. வெந்நீரில் துவைத்த கம்பளிச் சட்டை சுருங்கித் தடித்துப்போவதும் இதே வினையால்தான். காஷ்மீரத்தின் நம்தா விரிப்பு இப்படி உருவாவது. பியானோவின் தந்திகளைத் தட்டும் சிறு சுத்திகளின் தலையிலும் ஃபெல்ட் இருக்கும்.

ஐயம் வந்தால் கத்தரிக்கோல் தீர்த்துவைக்கும். நெய்த துணியை வெட்டினால் ஓரத்தில் நூல் பிரியும். அதனால்தான் தையற்காரர் மடித்துத் தைக்கிறார். முடைந்த பாயை வெட்டினால் பின்னலே கழன்றுவிடும். அதனால் ஓரத்து ஓலைகளை உள்ளே திருப்பிச் செருகுவார்கள். ஃபெல்ட் வெட்டிய இடத்தில் அப்படியே நிற்கும். துணித்தாலும் துணிபோல் பிரியாதது அது!

வெப்ப நாடாகிய தமிழகத்துக்கு ஃபெல்ட் தேவைப்படவில்லை. ஆயினும் நூலின்றி ஆன உடை தமிழுக்குப் புதிதன்று. மரப்பட்டையின் உட்புறத்தை உரித்து, ஊறவைத்து, கட்டையால் தட்டித் தட்டி அகலமாக்கினால் மென்மையான விரிப்பு கிடைக்கும். மயிர் இழைகளைப் போல் இவை புதிதாகப் பிணைக்கப்படுபவை அல்ல. மரத்திலேயே பிணைந்து வளர்ந்தவை. அந்த ஒரு வேறுபாட்டை நீக்கினால், ஃபெல்டுக்கு மிக நெருங்கிய உறவு இதுவே. உரித்து எடுப்பதால் இதன் பெயர் மரவுரி. வனவாசம் சென்ற இராமன் உடுத்தது மரவுரி என்று கதை கேட்டு வளர்ந்த தமிழர் பலர் அதைக் கண்ணால் கண்டதில்லை. கிரேட் நிக்கோபார்க் காடுகளில் வாழும் ஷோம்பென் மக்களோ அதைத் தம் கையால் செய்து உடுத்தியவர்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவர்கள் 229 பேர். கடைத் துணி இப்போது அவர்களிடமும் சென்று சேர்ந்திருக்கிறது.