திரை சொன்ன திருட்டு

ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் புரோக்கர்கள் ஒரு வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். வண்டியின் உடம்பில் சேசிஸ் எண் குத்தியிருக்கும் இடத்தைப் பழந்துணியால் துடைப்பார்கள். அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கப்போட்டுத் தேய்ப்பார்கள். கறுப்புக்கு நடுவில் எண் வெள்ளையாக எழும்பி வரும். அதை வெட்டிப் பாரத்தில் ஒட்டுவார்கள். இன்ன எண்ணை உடைய வண்டி இது என்பதற்கு அந்தப் பென்சில் தேய்ப்பு சாட்சி. எனக்கு அந்தச் சடங்கின்மேல் ஒரு மரியாதை உண்டு. இரும்பில் குத்தியதை மாற்றுவது கஷ்டம், மாற்றினாலும் கை வைத்த தடம் தெரியும்.

நாம் சேசிஸ் நம்பர் என்று சொல்வதைத்தான் உலகம் 'வின்' என்கிறது. மொத்தம் 17 எழுத்து. 1981 மாடலிலிருந்து அமெரிக்கா இந்த 17-ஐக் கட்டாயமாக்கியது. ஆங்கிலத்தின் ஐ, ஓ, க்யூ மூன்றும் இதில் வராது. 1, 0 என்ற எண்களோடு குழம்பும் என்பதால் விலக்கிவிட்டார்கள். முதல் மூன்று எழுத்து எந்த நாடு, எந்தக் கம்பெனி என்று சொல்லும். அடுத்து வருவது மாடல், இன்ஜின், பாடி வகையறா. பெரும்பாலும் பத்தாவது எழுத்து வருடம்: 2017 என்றால் ஹெச், 2018 என்றால் ஜே. நடுவிலிருக்கும் ஐ-யைத் தாண்டிப் போய்விடுவார்கள். கடைசியில் வரிசை எண். அமெரிக்க வண்டிகளில் ஒன்பதாவது எழுத்து, மற்ற பதினாறையும் வைத்துக் கணக்குப் போட்டு எடுத்த சரிபார்ப்பு எழுத்து. ஒரு எழுத்தைத் தப்பாக எழுதினால் பெரும்பாலும் கணக்கு உதைக்கும்.

இதே எண் இப்போது வண்டிக்குள் இரும்பில் மட்டும் இல்லை. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் நினைவில் இருக்கிறது. கதவு, விளக்கு, வைப்பரைப் பார்த்துக்கொள்ளும் கணினியிலும் இருக்கலாம். பாட்டும் மேப்பும் காட்டும் நடுத் திரைக்குள்ளும் இருக்கலாம். பிழைப்புக்கு நான் செய்வது அந்தத் திரைக்குப் பின்னால் ஓடும் மென்பொருள். சொந்தக்காரர்கள் மத்தியில் "கார் ரேடியோ வேலை" என்று பெயர்.

திரைக்கு எதற்கு வண்டியின் எண்? திருட்டுதான் காரணம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கண்ணாடியை உடைத்து கார் ஸ்டீரியோவை உருவிக்கொண்டு போவது உலகம் முழுக்க ஒரு தொழிலாகவே நடந்தது. முகப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிற மாதிரி ஸ்டீரியோ வந்தது. பேட்டரியைப் பிடுங்கினால் ரகசிய எண் கேட்கிற ஸ்டீரியோ வந்தது. அந்த எண் எழுதிய அட்டையைத் தொலைத்துவிட்டு சர்வீஸ் சென்டருக்கு நடந்தவர்கள் நம் வீடுகளிலும் இருப்பார்கள். அடுத்த கட்டமாக, மனிதரிடம் கேட்பதை விட்டுவிட்டு வண்டியையே கேட்க ஆரம்பித்தார்கள். முதன்முறை பொருத்தும்போது அந்த வண்டியின் எண்ணைத் திரை மனப்பாடம் செய்துகொள்ளும். பிறகு சாவி திருப்பும் போதெல்லாம், இப்போது வண்டிக்குள் வருகிற எண்ணும் தன்னிடம் இருப்பதும் ஒன்றா என்று ஒப்பிடும். ஒன்றில்லையென்றால் பூட்டிக்கொள்ளும்.

என் மாமா செங்கல்பட்டில் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறார். 2024-இல் இன்னொரு டிராவல்ஸ்காரரிடமிருந்து 2017 மாடல் ஏழு சீட்டர் ஒன்றை லோன் போட்டு வாங்கினார். மஞ்சள் போர்டு, டாப் மாடல். வாங்கும்போது திரை மட்டும் கறுப்பாக இருந்திருக்கிறது. "ஃபியூஸ் போயிருக்குண்ணே, நூறு ரூபா வேலை" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார் விற்றவர். பிறகு எலக்ட்ரீஷியன் பார்த்தபோது ஃபியூஸ் போகவில்லை, அந்த இடத்தில் ஃபியூஸே இல்லை. புதிதாக ஒன்றைப் போட்டதும் திரை உயிர் வந்து, பெரிய ஆங்கில எழுத்தில் சொன்னது: ஆன்டி தெஃப்ட் லாக்டு. வெஹிக்கிள் நாட் ரெகக்னைஸ்டு.

ஃபியூஸைத் திரும்பக் கழற்றினால் ரிவர்ஸ் கேமராவும் போய்விடும். அந்த நீள வண்டியைக் கேமரா இல்லாமல் சந்துகளில் திருப்ப முடியாது. அதனால் எழுத்தோடேயே ஓட்டினார். ஏர்போர்ட் சவாரியில் பின்னாலிருந்து ஒருவர், "டிரைவர், இது திருட்டு வண்டியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். இன்னொரு குடும்பம் மாமண்டூரில் டீ குடிக்க இறங்கி, வேறு வண்டி பிடித்துப் போய்விட்டது. மாமா திரையின்மேல் முருகன் காலண்டர் அட்டை ஒன்றைச் செருகிவைத்தார். எனக்கு போன் செய்தபோது அவர் கேட்டது பாட்டைப் பற்றியோ மேப்பைப் பற்றியோ இல்லை.

"மாப்ள, இது நெசமாவே எவன் வண்டியாவது இருக்குமாடா? மாசம் பதினாறாயிரம் கட்டிட்டு இருக்கேன்."

இங்கேதான் விஷயம் இருக்கிறது. திரைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: இந்த 17 எழுத்தும் அந்த 17 எழுத்தும் சமமில்லை. அதில் வேற்றாள் வண்டியா, தானா என்பது அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. தான் சொந்த வீட்டில் இருப்பதாகவும் மற்றவர்தான் அந்நியர் என்றும் நினைத்துக்கொள்கிறது. 'தெஃப்ட்' என்ற சொல் ஒப்பீட்டிலிருந்து வரவில்லை. அது மென்பொருளில் வாசகங்களை மட்டும் அடுக்கிவைத்திருக்கும் ஒரு கோப்பில், யாரோ ஏசி அறையில் உட்கார்ந்து எழுதிய ஒரு வரி.

எண்கள் ஒத்துப்போகாமல் இருக்கத் திருட்டைத் தவிர எத்தனையோ காரணம் உண்டு. பெங்களூரில் நான் முன்பு இருந்த இடத்தில் சோதனை வண்டி ஒன்று, பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சில தடவை மட்டும் பூட்டிக்கொண்டது. பத்துத் தடவை செய்தால் ஒரு தடவை வரும், அதுவும் மேனேஜர் பக்கத்தில் நின்றால் வராது. நேரத்தோடு பதிவான செய்திகளை வரி வரியாகப் பார்த்தோம். சின்னக் கணினிகள் மின்சாரம் வந்த மறுநொடியே எழுந்துவிடும். திரை அப்படியில்லை, அது ஏறக்குறைய ஒரு செல்போன், எழுந்து முகம் கழுவி வருவதற்கு அரை நிமிஷம்கூட ஆகலாம். அதற்குள் அந்தப் பக்கம் வண்டி எண்ணை ஒருமுறை உரக்கச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. திரை கேட்கவில்லை. கேட்காத இடம் காலியாக இருந்தது. காலியும் தன் எண்ணும் ஒன்றில்லை, ஆகவே பூட்டு. வராதது வேறு, மாறி வந்தது வேறு என்று அந்த நிரலுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மறுபடி கேள், கொஞ்சம் பொறு என்று நாலு வரி சேர்த்ததும் சரியானது.

இன்னொரு வகை, கதவு-விளக்குக் கணினியைப் புதிதாக மாற்றிவிட்டு அதில் எண்ணை எழுத மறந்துவிடுவது. எதுவும் எழுதாத நினைவைப் படித்தால், ஒய் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்த மாதிரி ஒரு குறி பதினேழு தடவை வரும். முதல்முறை பார்ப்பவர்கள் ஏதோ வேற்றுமொழி என்று நினைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டு வாசலில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். முதலில் கணினியைத் தொடவில்லை. மாமாவே பென்சில் தேய்ப்பு எடுத்துக் கொடுத்தார். ஆர்சியில் இருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக அத்தை வாசிக்க நான் சரிபார்த்தேன். ஒத்துப்போனது. குத்திய இடத்தில் ராவிய தடமோ புது பெயின்ட்டோ இல்லை. பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் வயரைச் செருகினேன்.

எண்ணைக் கேட்பதற்கு ஒரு பொது வழக்கம் உண்டு. '22' என்றால் படித்துச் சொல், 'எஃப்190' என்றால் வண்டி எண். சிக்கல் என்னவென்றால், வண்டிக்குள் ஓடும் கேன் கம்பியில் ஒரு செய்திக்கு 8 பைட்தான் இடம். 17 எழுத்து அதில் அடங்காது. மூன்று துண்டாக வரும். முதல் துண்டில் தலைப்பு போக மூன்றே எழுத்து, அடுத்த இரண்டிலும் ஏழேழு. முதல் துண்டைச் சொல்லிவிட்டு அந்தக் கணினி நிறுத்திவிடும். நாம் 'ம், மேலே சொல்லு' என்று ஒரு செய்தி அனுப்பினால்தான் மீதி வரும். கதை கேட்கும்போது உம் கொட்டுகிற மாதிரி. உம் கொட்டாவிட்டால் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள் இல்லையா, அதேதான். இந்த ஏற்பாட்டை வகுத்தவர்களுக்கும் ஒரு பாட்டி இருந்திருக்கவேண்டும்.

இன்ஜின் கணினி சொன்ன எண்ணும் ஆர்சியும் ஒன்று. கதவு-விளக்குக் கணினியும் அதையே சொன்னது. மாமா நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கடைசியாகத் திரையைக் கேட்டேன். எல்லா வண்டியிலும் இப்படி நேராகக் கேட்க விடமாட்டார்கள், இதில் விட்டார்கள். முதல் துண்டு வந்தது, அதே மூன்று எழுத்து. இரண்டாவது துண்டு, அதே ஏழு, வருட எழுத்து உட்பட. மூன்றாவது துண்டில் கடைசி ஐந்து இலக்கங்கள் வேறு.

ஆக அதே கம்பெனி, அதே மாடல், அதே வருடம். ஒரே தொழிற்சாலையில் கொஞ்ச நாள் இடைவெளியில் பிறந்த இன்னொரு வண்டியின் திரை இது.

"வண்டி உங்களுதுதான் மாமா. ரேடியோதான் வேற வண்டியோடது."

"அப்ப அந்த ரேடியோ திருடுனதா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. எலக்ட்ரீஷியனைக் கேட்டால், மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் மூழ்கின வண்டிங்க சாமான் புதுப்பேட்டையில் நிறைய வந்துச்சு சார், அதுல ஒண்ணா இருக்கும் என்றார். இருக்கலாம். 2023 டிசம்பரில் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. திரை உயரத்தில் இருப்பதால் இன்ஜின் வீணான வண்டியிலும் அது பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. பழைய டிராவல்ஸ்காரர் உடைந்த திரைக்குப் பதில் அங்கே ஒன்றை வாங்கி மாட்டியிருப்பார். பூட்டிக்கொண்டதும் ஃபியூஸை உருவி வண்டியை விற்றிருப்பார். இதெல்லாம் ஊகம்தான். லேப்டாப்புக்கு எண் தெரியும், கதை தெரியாது.

சர்வீஸ் சென்டரில் பழைய திரையைப் பதிவு செய்து தரமாட்டோம் என்றார்கள். புதுசு 70 ஆயிரத்துக்கு மேல். அவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. யார் எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் திறந்து கொடுத்தால் பூட்டுக்கு அர்த்தமில்லை. ஆனால் ஒரு பொருளை நேர்மையாகக் கைமாற்றுவதற்கு ஒரு வாசலும் வைக்காத பூட்டு, திருடனைவிட இரண்டாம் கை வாங்குபவனைத்தான் அதிகம் தடுக்கிறது. திருடனுக்குக் கருவி வைத்திருக்கும் ஆளைத் தெரியும். மாமாவுக்குத் தெரியாது.

அதாவது, என்னைத் தெரியும். எண்ணைப் படிக்க '22' என்றால் எழுத '2இ'. நடுவில் ஒரு பாதுகாப்புக் கேள்வி பதில் இருக்கிறது. அதை எப்படித் தாண்டுகிறார்கள் என்று இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு ஓரளவு தெரியும். மாமாவும் கேட்டார்: "அஞ்சு நம்பர்தானே மாப்ள, மாத்திவிட்டா என்ன?" யோசிக்காமல் இல்லை. அந்தத் திரை வெள்ளத்து வண்டியுடையது என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தால் ஒருவேளை உட்கார்ந்திருப்பேன். தெரியாதபோது, எங்கோ ஒருவர் கண்ணாடி உடைந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார் என்றால், அதற்கான கடைசித் தடயம் அந்த ஐந்து இலக்கம்தான். பென்சிலில் தேய்த்தாலும் வராத தடயம். "மாத்த வேணாம் மாமா" என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஒரு காரியம் செய்தேன். மூன்று கணினிகளின் பதிலையும் பென்சில் தேய்ப்பையும் ஒரே தாளில் அச்சடித்து, கீழே தமிழில் நாலு வரி எழுதி லேமினேட் பண்ணிக் கொடுத்தேன். மாமா அதை ஆர்சியோடு வைத்திருக்கிறார். செக்போஸ்ட்டில் யாரும் கேட்காமலே எடுத்து நீட்டுவாராம்.

திரையைக் கழற்றிவிட்டு 9 ஆயிரம் ரூபாய்க்கு வெளிச்சந்தை ஆண்ட்ராய்டு பிளேயர் ஒன்றை மாட்டினோம். அது எந்த வண்டியையும் யார் நீ என்று கேட்பதில்லை. கேமரா வருகிறது, ஸ்டியரிங் பொத்தான்கள் வரவில்லை. முருகன் அட்டை பழக்கத்தில் டேஷ்போர்டிலேயே இருக்கிறது. பின்னால் உட்காருகிறவர்கள் இப்போது ஏசியைக் கூட்டச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.