பதினைந்து சென்டிமீட்டர் ஒயர்

சென்னையில் டிஷ் இல்லாமல், கேபிள் இல்லாமல், மாதச் சந்தா இல்லாமல், டிஜிட்டல் தரத்தில் டிவி வானலையில் வந்தது என்று சொன்னால் நம்மில் எத்தனை பேர் நம்புவோம்? 2016 பிப்ரவரி 25 முதல் வந்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை உட்பட 16 நகரங்களில் தூர்தர்ஷன் அதை ஆரம்பித்தது. டிடி நேஷனல், டிடி நியூஸ், டிடி பாரதி, டிடி ஸ்போர்ட்ஸ், அத்துடன் அந்தந்த ஊர் மொழிச் சானல். நமக்குப் பொதிகை. டிவிபி-டி2 என்று அந்த முறைக்குப் பெயர். மயிலாப்பூரில் எங்கள் தெருவில் நான் விசாரித்த வரையில் ஒருவருக்கும் தெரியவில்லை. டிவி ரிப்பேர் செய்ய வருகிற தம்பி, "ஆன்டெனாவா மேடம்? அதெல்லாம் காயலான் கடைக்குப் போய் இருபது வருஷம் ஆச்சே" என்று சிரித்தார்.

எனக்குத் தெரிய வந்ததும் வர்தா புயலால்தான். அந்த டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். கையில் பணம் இல்லை, ஏடிஎம் வாசலில் வரிசை. ஐந்தாம் தேதி முதல்வர் மறைவு. அடுத்த வாரமே, 12ஆம் தேதி, புயல். எங்கள் தெருவில் இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள் விழுந்து, கரண்ட் கம்பியையும் கேபிளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயின. ஐந்தாம் நாள் கரண்ட் வந்துவிட்டது. கேபிள் வரவில்லை. கேட்டால், "ஊர் பூரா அறுந்து கெடக்குது மேடம், வரிசையாத்தான் வர முடியும்" என்றார்கள். அதுவும் நியாயம்தான்.

அம்மாவுக்கு அப்போது 84 வயது. கண்ணில் புரை எடுத்த பிறகு பேப்பர் படிப்பது குறைந்து, டிவிதான் துணை. ஐந்து நாள் இருட்டைப் பொறுத்துக்கொண்டவள், கரண்ட் வந்த பிறகும் கறுப்பாக இருந்த டிவியைப் பொறுக்கவில்லை. "கரண்ட் இருக்கு, பொட்டி இருக்கு, அப்புறம் என்னடி?" என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை. 1975 ஆகஸ்ட் 15 அன்று மெட்ராஸ் தூர்தர்ஷன் ஆரம்பித்த காலத்து மனுஷி அவள். டிவி என்றால் ஆகாயத்திலிருந்து வருவது என்றுதான் அவளுக்கு மனதில் பதிந்திருந்தது.

அந்தக் கேள்வி உறுத்தத்தான் டிவியோடு வந்த சின்னப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். (முப்பத்து மூன்று வருஷம் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள். புத்தகம் என்று ஒன்று இருந்தால் கடைசிப் பக்கம் வரை படித்துவிடுவேன்.) அந்த வருஷப் பொங்கலுக்கு வாங்கிய டிவி. ட்யூனர் என்ற இடத்தில் டிவிபி-டி2 என்று போட்டிருந்தது. மொபைலில் தேடியபோது தூர்தர்ஷன் செய்தி கிடைத்தது.

இனி ஆன்டெனா. பழைய ஆன்டெனாவை எல்லோருக்கும் நினைவிருக்கும். மொட்டை மாடியில் காக்காய்க்கு ஊஞ்சல் மாதிரி நிற்கும். சாலிடேரோ டயனோராவோ, வீட்டில் டிவி இருக்கிறது என்று தெருவுக்கு அறிவிப்பதே அதுதான். மாடியில் ஒருவர், ஜன்னலில் ஒருவர், டிவி முன்னால் ஒருவர். "தெரியுதா?" "பூச்சி பறக்குது!" "இப்போ?" "ரெண்டு ரெண்டா தெரியறது!" வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் தொடங்குவதற்குள் அதைத் திருப்பி முடிக்காவிட்டால் வீட்டில் பிரளயம். அது ஏன் அவ்வளவு அகலம்? அப்போது மெட்ராஸ் டிவி வந்தது அறுபது மெகாஹெர்ட்ஸ் சுமாரில். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம். கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் வரும். ஆன்டெனா அதில் பாதி நீளம் இருந்தால் நன்றாக வாங்கும். அதனால்தான் ஆளை விடப் பெரிய கம்பி.

புதிய டிஜிட்டல் ஒளிபரப்பு யுஎச்எஃப் அலைவரிசையில், சுமாராக 500 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலைநீளம் 60 சென்டிமீட்டர். அதில் கால்வாசி 15. காம்பஸ் பாக்ஸில் இருக்கிற ஸ்கேல் அளவு! வீட்டில் கிடந்த பழைய கேபிள் ஒயரில் ஒரு முனையில் 15 சென்டிமீட்டருக்கு மேல்தோலையும் அதற்குள் இருக்கும் வலையையும் கத்தியால் உரித்தேன். நடுக் கம்பி மட்டும் நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஆன்டெனா. மறுமுனையை டிவியில் செருகி, ஜன்னல் கம்பியில் தொடாமல் படுக்கவசமாக நூலால் கட்டி, செட்டிங்ஸில் போய் 'ஆன்டெனா' என்று மாற்றித் தேட விட்டேன். எங்கள் ஜன்னல் வடக்கே பார்த்தது. சேப்பாக்கத்தில் சுவாமி சிவானந்தா சாலை டவர் அந்தத் திசையில்தான், நான்கைந்து கிலோமீட்டர். ஐந்து சானலும் வந்தன. பூச்சி இல்லை, நிழல் இல்லை. கண்ணாடி மாதிரி படம்.

அது எப்படி என்று அம்மாவே கேட்டாள். வகுப்பில் சொல்வது போலத்தான் சொன்னேன். பழைய முறையில் படத்தின் வெளிச்சம் எவ்வளவோ அதற்கேற்ப அலை ஏறி இறங்கும். வழியில் மோட்டார் சைக்கிள் போனாலும் மிக்ஸி ஓடினாலும் அந்த இரைச்சலும் சேர்ந்து படமாகிவிடும். கட்டடத்தில் மோதித் தாமதமாக வரும் அலை இரண்டாவது உருவமாகத் தெரியும். டிஜிட்டலில் அனுப்புவது எண்களை. இரைச்சலான வகுப்பில் ரோல் நம்பர் கூப்பிடுகிற மாதிரி. இருபத்து மூன்று என்றால் இருபத்து மூன்றுதான். அரைகுறையாக இருபத்து மூன்றரை என்று காதில் விழாது. கடைசியில் மொத்தம் நாற்பத்திரண்டு என்று கூட்டிப் பார்த்தால் விட்டுப்போனது தெரிந்துவிடும். அது போல எண்களோடு சரிபார்க்கும் எண்களும் சேர்ந்து வருகின்றன. சிறு பிழைகளைப் பெட்டியே திருத்திக்கொள்ளும். ஆனால் இதில் கருணை கிடையாது. சிக்னல் ஓர் அளவுக்குக் கீழே போனால் படம் சதுரம் சதுரமாக உடைந்து ஒரேயடியாக நின்றுவிடும். பழைய டிவி மங்கலாகவாவது ஏதோ காட்டும்.

கேபிள் டிசம்பர் கடைசியில் திரும்பி வந்தது. அம்மா பார்க்கவில்லை. "கேபிள்ல மூஞ்சி எல்லாம் மெழுகு பூசின மாதிரி இருக்கு, இதையே வை" என்று சொல்லிவிட்டாள். ஜனவரியில் திருவையாறு ஆராதனை, பஞ்சரத்னம் நேரடி ஒளிபரப்பு. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் யார் யார் என்று முகம் முகமாக அடையாளம் சொன்னாள். அந்த மாதமே கேபிளை வேண்டாம் என்று நிறுத்திவிட்டோம். எனக்கு வேண்டிய நாடகம், சினிமா எல்லாம் மொபைலில்.

இதை நான் சொல்லும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். அதுதான் ஃப்ரீ டிஷ் இருக்கிறதே? இருக்கிறது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்று வந்தது, இன்றும் சந்தா இல்லாமல் நடக்கிறது. இந்தி சானல்கள்தான் அதிகம். நல்ல திட்டம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் டிஷ்ஷுக்கு வானம் வேண்டும். சென்னையிலிருந்து அந்தச் செயற்கைக்கோள் தென்கிழக்கில், அக்னி மூலையில், நல்ல உயரத்தில் இருக்கிறது. அந்த மூலை மறைக்காத மாடி வேண்டும். மாடியில் ஓட்டை போட வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். அபார்ட்மென்ட் என்றால் செக்ரட்டரியிடம் மாடிச் சாவி வேண்டும். தரைவழி அலை அப்படி இல்லை. ரேடியோ மாதிரி அதுவே ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். யாரையும் கேட்க வேண்டாம். வாடகைக்கு இருப்பவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

உலகத்தில் மற்ற ஊர்களில் இந்த மாற்றம் எப்படி நடந்தது தெரியுமா? பெர்லினில் 2003 ஆகஸ்டில் பழைய ஒளிபரப்பை நிறுத்தி வானலை டிஜிட்டலுக்குப் போனார்கள். அமெரிக்காவில் 2009ல், வீட்டுக்குப் பெட்டி வாங்க அரசே 40 டாலர் கூப்பன் கொடுத்தது. பிரிட்டனில் 75 வயது தாண்டியவர்கள் வீட்டுக்கு ஆளே வந்து மாட்டிக்கொடுத்தார்கள். பெர்லின் மாறிய அடுத்த மாதம், 2003 செப்டம்பர் 1 அன்று, நம் சென்னைக்கும் ஒரு பெட்டி வந்தது. 'காஸ்' என்று சொன்னோமே, அதுதான். கட்டணச் சானல் வேண்டுமென்றால் செட் டாப் பாக்ஸ், இல்லையென்றால் 72 ரூபாய்க்கு இலவசச் சானல்கள் மட்டும். டெல்லியில் தள்ளிப்போட்டார்கள், நம் ஊரில் நின்றது. பிறகு 2012 நவம்பரில் நான்கு பெருநகரங்களிலும் கேபிள் முழுக்க டிஜிட்டல் என்றார்கள். சென்னையில் அது வழக்குகளில் இழுத்தது. ஆக டிஜிட்டல் என்ற சொல்லே நமக்குப் பெட்டி, சந்தா, வழக்கு என்றுதான் அறிமுகமானது. வானலையில் இலவசமாக வரும் டிஜிட்டல் என்று ஒன்று உண்டு என்பதை ஒரு தெருமுனைத் தட்டியில்கூட நான் பார்க்கவில்லை. நாடு முழுக்க இருந்த பழைய அனலாக் டவர்களையும், எல்லைப் பகுதிகள் போன்ற சில இடங்கள் தவிர, 2022 மார்ச்சுக்குள் மூடுவதாக அறிவித்தார்கள். பார்க்கிறவர்கள் இல்லை என்பது காரணம். சொல்லாவிட்டால் எப்படிப் பார்ப்பார்கள்?

முழுக்க இலவசமாகவே இருந்தது என்றும் நான் சொல்ல மாட்டேன். எண்பதுகளின் தொடக்கம் வரை தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய தலைமுறைதான் நாங்கள்.

2018ல் அம்மா போய்விட்டாள். அவள் அறை டிவி துணி போர்த்தி இருந்தது. மறு வருஷம், எங்கள் பள்ளியில் ஆயாவாக இருந்த அம்மாவை மந்தைவெளி மார்க்கெட்டில் பார்த்தேன். தினக்கூலியாகவே இருந்து வெளியே வந்தவர், அதனால் பென்ஷன் இல்லை. முதியோர் உதவித்தொகை 1000 ரூபாய். மகன் எப்போதாவது கொடுப்பது தனி. ஒண்டுக்குடித்தனத்தில் ஒரு ரூம். பேச்சோடு பேச்சாக, "டிவியக் கட் பண்ட்டாங்க டீச்சர்" என்றார். அந்தப் பிப்ரவரியில்தான் புதிய கட்டண முறை வந்திருந்தது. சும்மா இணைப்புக்கே 130 ரூபாய், வரியோடு 153. அதற்கு மேல் சானல் காசு. ஆயிரத்தில் ஐந்தில் ஒரு பங்கு டிவிக்குப் போகும். இரண்டு மாதம் பாக்கி.

"சீரியல் பாக்காம கஷ்டமா இருக்கா ஆயாம்மா?"

"சீரியல் கெடக்கட்டும் டீச்சர். ராத்திரில சத்தம் வேணும். ஆள் இருக்கற மாதிரி."

அவரிடம் இருந்தது அரசு கொடுத்த இலவசக் கலர் டிவி. அதில் டி2 கிடையாது. தனியாக டி2 பெட்டி கிடைக்குமா என்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு மத்தியானம் முழுக்க அலைந்தேன். டிஷ் பெட்டி எடுத்துக் காட்டினார்கள், கேபிள் பெட்டி எடுத்துக் காட்டினார்கள், நான் கேட்டது கிடைக்கவில்லை. ஃப்ரீ டிஷ் நான் வாங்கித் தருகிறேன் என்று வீட்டுக்காரரிடம் போய்ப் பேசினேன். "ஒருத்தருக்கு விட்டா ஒம்போது குடித்தனமும் மாடிக்கு வரும் டீச்சர்" என்றார். அவர் மாடி, அவர் சொல்வதுதான்.

வீட்டுக்கு வந்து அம்மா டிவியின் துணியை எடுத்தேன். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அந்த ரூமில் இருந்தது ஒரே ஜன்னல், நல்லவேளை வடக்கே. சேப்பாக்கம் அங்கிருந்து இன்னும் கொஞ்சம் தூரம், நடுவில் நான்கு மாடிக் கட்டடங்கள். முதல் முறை மூன்று சானல்தான். ஒயரை ஜன்னலின் மேல் மூலைக்கு ஏற்றிக் கட்டியதும் ஐந்தும் வந்தன. பக்கத்துக் குடித்தனப் பிள்ளைகள் வந்து டிவியின் பின்னால் எட்டிப் பார்த்து, "பாக்ஸ் எங்க?" என்று கேட்டார்கள். சொன்னால் நம்பவில்லை.

2020 ஊரடங்கில் யாரும் யாரையும் பார்க்கப் போக முடியாதே. மார்ச் 28ல் டிடி நேஷனலில் ராமாயணம் மறு ஒளிபரப்பு ஆரம்பித்தது, காலையிலும் இரவிலும். ஆயாம்மாவுக்குப் போன் செய்தேன். இரண்டு வேளையும் பார்ப்பதாகச் சொன்னார்.

"இந்தி புரியுதா?"

"கதை தெரியுமே டீச்சர், பாஷ எதுக்கு?"

அதற்குப் பிறகு ஒருநாள் ஒயரை எலி கடித்துவிட்டது. போன் வந்தது. "அந்த ஸ்கேல எடுத்துக்கினு வாங்க டீச்சர்" என்றார். போனேன்.