மோட்டார் வண்டித் தொடக்கியின் பிணியறிதல்

கல்லூரி மலருக்குத் தமிழாசிரியர் எழுதுங் கட்டுரை இலக்கியமோ சமயமோ பற்றியதாதல் மரபு. யாம் எடுத்துக்கொண்ட பொருளோ மோட்டார் வண்டியை எழுப்புந் தொடக்கி. தமிழாசிரியருக்கு இஃது எதற்கென்று வினவுவார்க்கு விடை நம் கல்லூரி வரலாற்றிலேயே உண்டு. இங்கு அதிபராக வீற்றிருந்த விபுலாநந்த அடிகளார் 1916ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானவர்; இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். 1947இல் வெளிவந்த யாழ் நூலிலே பழந்தமிழிசையை ஆராயக் கணிதத்தையும் பௌதிகத்தையும் துணைக்கொண்டவர். அவர் உலாவிய முற்றத்தில் இப்பொருளுக்கும் ஓரிடம் உண்டு என்றே நம்புகின்றோம்.

முற்காலத்தில் வண்டியின் முன்புறத்தே இரும்புக் கைபிடியைச் செருகிச் சுழற்றி இயந்திரத்தை எழுப்பினர். இயந்திரம் எதிர்த்து உதைத்தால் சுழற்றியவர் கை முறிதலும் உண்டு. இவ்வல்லலைத் தீர்த்தவர் அமெரிக்கரான சார்ள்ஸ் கெற்றரிங். இளமையில் அவர் கிராமப் பள்ளியாசிரியர் என்பது நம் குலத்தார்க்கு மகிழ்ச்சி தருவதே. பின்னர்க் கடைகளிற் பணம் பெறும் பொறிக்கு மின்மோட்டர் அமைத்தபொழுது, கணநேரமே உழைக்கும் மோட்டர் உருவிற் சிறியதாயினும் பெருவலி காட்டும் என்பதைக் கண்டார். அவருடைய தொடக்கி 1912ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டிகளிலே பொருத்தப்பட்டது.

இன்றும் நெறி அதுவே. சாவியைத் திருப்பியதும், தொழிலாளர் சொலினொயிட் என்றும் பாடநூல்கள் வரிச்சுருள் என்றும் வழங்கும் உறுப்பு இரு தொழில் புரியும். சிறு பற்சில்லொன்றை முன்தள்ளி, இயந்திரத்தோடு சுழலும் பெரிய பற்சில்லோடு கோக்கும். பற்றறியிலிருந்து பெருமின்னோட்டம் பாயும் வழியையும் இணைக்கும். அம்மின்னோட்டம் நூறு அம்பியரையும் கடக்க வல்லது. கணநேர உழைப்புக்கே அமைந்த மோட்டராதலின், பத்து விநாடிக்கு மேல் அதனை வருத்துதல் ஆகாது.

இனி யாம் கண்ணாரக் கண்டதொன்றைக் கூறுவோம். எம் அயலில் வாடகை வண்டியோட்டிக் குடும்பங் காக்கும் அன்பர் ஒருவர் உளர். அவர் வண்டி முப்பது ஆண்டைக் கடந்த ஜப்பானிய வண்டி. நோயாளி ஒருவரை மாதந்தோறும் கண்டி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வது அவர் ஏற்ற கடன். அப்பயணத்துக்கு முதல்நாட் காலை வண்டி எழவில்லை. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்னும் ஓரொலி, அவ்வளவே. ஒரு திருத்தகத்தார் அவ்வொலியைக் கேட்ட மாத்திரத்தே, தொடக்கி பழுது, புதியது வேண்டும் என்று தீர்ப்புக் கூறினர். அதன் விலைக்காக இல்லாளின் காப்புகள் அடகுக் கடைக்குப் புறப்பட இருந்தன.

அன்று மாலை எம் பழைய மாணாக்கர் ஒருவரை அழைத்தோம். வகுப்பிலே புணர்ச்சி விதிகள் அவருக்கு என்றும் வசப்பட்டதில்லை. அவர் பாட்டனார், பிரித்தானியக் கடற்படை 1957இல் இத்துறைமுகத்தை விட்டு நீங்கும்வரை அங்கே கருவி பிடித்தவர். பேரர் உட்துறைமுக வீதியருகே சிறு கொட்டகையில் வண்டி திருத்துகின்றார்.

வந்தவர் ஒரு திருகாணியையும் தொடவில்லை. முன்விளக்குகளை ஏற்றுவித்து எம்மை வண்டிக்கு எதிரே நிறுத்தினார். “சேர், லைற் மங்குதோ எண்டு பாருங்கோ” என்றார். சாவி திரும்பிற்று. ‘டக்’ ஒலி எழுந்தது, விளக்குகள் மங்கவில்லை. “பற்றறி சோர்ந்திருந்தாலும் மங்கும், ஸ்டாட்டர் இறுகியிருந்தாலும் மங்கும். இது ரெண்டுமில்லை, அண்ணை. கறண்ட் எங்கையோ மறிபடுது” என்று வண்டிக்காரரை நோக்கிச் சொன்னார்.

பின்னரே வோல்ற்றுமானியை எடுத்தார். பற்றறியில் 12.6 வோல்ற்று, குறைவில்லை. அடுத்து, மானியின் ஒரு முனையைப் பற்றறியின் எதிர்முனையிலும் மறுமுனையை இயந்திரத்தின் இரும்பிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் செய்தார். அரை வோல்ற்றுக்கு மேற்படலாகாத அவ்விடத்தில் ஏறக்குறைய 7 வோல்ற்றுக் காட்டிற்று. மோட்டருக்கு எஞ்சியது பாதியும் இல்லை. தூரிகைகள் தேய்ந்து மோட்டரே மின்னை ஏலாதிருந்தால் அங்கே இவ்வளவு தோன்றாது. ஆகவே பிணி தொடக்கியில் இல்லை. மின் மீளும் வழியில் உண்டு என்பது தெளிவாயிற்று.

இதன் காரணத்தை எட்டாம் வகுப்புக் கணக்காலேயே காட்டலாம். ஓர் ஓமின் நூற்றில் இரு பங்கே தடை என்று கொள்க. அதனூடு 150 அம்பியர் பாய முயன்றால் 3 வோல்ற்று அங்கேயே ஒழியும். தடை மிக மிக, மோட்டர் பட்டினி கிடக்கும். விளக்குகளின் மின்னோ வேறு வழியாக மீள்வதால் அவை ஒளி குன்றாதிருந்தன.

வண்டியின் அடியிலே, இயந்திரத்தையும் உடலையும் இணைக்கும் பின்னற் செம்புப் பட்டை ஒன்று உளது. அதன் முடுக்காணியின் கீழ்ப் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. இழைகள் பாதி அற்றிருந்தன. செம்பிற் களிம்பை ஆணவமலத்துக்கு உவமை கூறும் சித்தாந்தம். அங்கே களிம்பு செம்போடு உடன்பிறந்தது. இங்கே நம் கடற்காற்று உப்போடு கொணர்ந்து பூசியது. முதலிற் பற்றறியின் எதிர்முனையைக் கழற்றினார். தொடுமிடம் இரண்டையும் உலோகம் மின்னும்வரை அரத்தாளாற் தேய்த்தார். புதிய பட்டையிட்டு இறுக்கி, உப்புக்காற்று அணுகாதவாறு மேலே கிறீஸ் பூசினார். மீட்டும் அளந்தபோது 0.2 வோல்ற்றே. சாவி திரும்பியதும் இயந்திரம் முழங்கி எழுந்தது. விடியுமுன் வண்டி கண்டிக்குச் சென்றது. காப்புகள் அவ்வம்மையின் கைகளிலேயே இருந்தன.

வண்டி வைத்திருக்கும் பழைய மாணவர்கள் நினைவிற் கொள்ளத்தக்க சில குறிகள் உள. ஒலியே இல்லையாயின் சாவிச் சுவிச்சையும் வரிச்சுருளுக்குச் செல்லும் வயரையும் பார்க்க. ‘டக்டக்’ எனப் பலமுறை அடித்தால் பற்றறியையும் அதன் முனைகளையும் ஐயுறுக. மோட்டர் சுழன்றும் இயந்திரம் அசையாதாயின் பற்சில்லுகள் கோக்கவில்லை. மெல்லத் தட்டினால் ஓடுமாயின் தூரிகைகளின் ஆயுள் முடிகின்றது. எதனைச் சோதிப்பினும் கியரை நடுநிலையில் வைத்துக் கைத்தடையை இடுக. பற்றறியருகே தீ ஆகாது. அதினின்று வெளிவரும் ஐதரசன் வெடிக்க வல்லது. கடலோர ஊரினர் ஆறு திங்களுக்கொருமுறை முனைகளைத் துடைத்தல் நன்று.

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவனார் நோயையும் அதன் காரணத்தையும் தேடிய பின்னரே மருத்துவம் தொடங்கச் சொன்னார். கேட்ட மாத்திரத்தே உறுப்பை மாற்றச் சொல்வது எளிது. அதன் விலையை ஏழையே கொடுக்கின்றான். பொறுமையோடு ஒவ்வொன்றாக விலக்கி உண்மையைக் காண்பதே கல்வியெனின், எம் மாணாக்கர் கற்றவரே. மருத்துவர், பொறியியலாளர், நீதிபதி எனப் பெயர் நிரலிடும் இம்மலரில் அக்கொட்டகைக்கும் ஒரு வரி இருத்தல் வேண்டுமென்று வேண்டி அமைகின்றோம்.

வாழ்க நம் கல்லூரி! வாழ்க அதன் மக்கள்!