ஈகையும் ஒப்புரவும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்து சென்றபின், துறை மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு நாம் புளியந்தோப்புக்குச் சென்றோம். ரொட்டியும் பால்மாவும் குடிநீரும் காய்ச்சல் மாத்திரைகளும் கையில் இருந்தன. மழை நின்று சில நாள்கள் ஆகியும் தெருக்களில் நீர் வடியவில்லை. சாக்கடை கலந்து கறுத்த அந்நீரில் முழங்காலளவு இறங்கி, வீடு வீடாகக் கொடுத்தோம். கொடுத்து முடித்தபோது நெஞ்சில் ஒரு நிறைவு எழுந்தது, அதை மறைப்பானேன்?

அந்நிறைவைக் குலைத்தவர், மாடிப்படியில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி. ரொட்டியை வாங்கிக்கொண்டு, "மழ வந்தா ரொட்டி குடுக்கறீங்க, நல்லா இருங்க. தண்ணி ஏன் நிக்குதுன்னு ஒருத்தரும் கேக்கலியே, தம்பி!" என்றார். மாணவர்கள் நம் முகத்தைப் பார்த்தனர். நம்மிடம் விடை இல்லை.

அவ்வினாவைச் சுமந்தே திரும்பினோம். இப்பகுதியின் நீரைக் கொண்டுசெல்லும் ஓட்டேரி நல்லா கால்வாய், பேசின் பிரிட்ஜ் அருகே பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது. பெருமழையில் அக்கால்வாய் நிரம்பி, கடலும் ஏறி நின்றால், போக வழியற்ற நீர் தாழ்ந்த தெருக்களில் தங்குகிறது. அதனுடன் எலிக்காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் தங்குகின்றன. 1992-இல் உலகம் அறிந்த புதிய காலரா வகை முதலில் தோன்றியதும் நம் சென்னையில்தான். மாத்திரை நோயைத் தணிக்கலாம். நோயின் ஊற்றுக்கண் வாய்க்காலில் அன்றோ இருக்கிறது!

சற்று வடக்கே சென்றால், நகரின் குப்பையைச் சுமக்கும் கொடுங்கையூர். அதற்கும் அப்பால் எண்ணூர். அதே டிசம்பரில் அதன் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து, மீனவரின் படகும் வலையும் கறுத்தன. நகரம் முழுவதும் நுகரும் வசதிக்கு வடசென்னை விலை கொடுக்கிறது. இது விதியன்று, நீதியில் நேர்ந்த குறை.

இம்மண்ணுக்கு வேறொரு நினைவும் உண்டு. 1921-இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது, பணிக்குச் சென்ற ஆதிதிராவிடத் தொழிலாளர்க்கும், வேலைநிறுத்தத்தில் நின்ற சாதி இந்து, முஸ்லிம் தொழிலாளர்க்கும் இடையே பகை மூண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஒரே ஆலையில் உழைத்தவர்கள் ஒருவரையொருவர் அஞ்சினர். அப்பகையில் நம் சமுதாயத்தாரும் ஒரு பக்கம் நின்றனர் என்பதை நாம் மறத்தல் தகாது. வறியவர் வறியவரோடு மோதும் இடத்தில் எந்தத் தருமமும் வேர்பிடிப்பதில்லை.

வள்ளுவர் ஈகை என்னும் அதிகாரத்துக்கு முன்னே ஒப்புரவறிதலை வைத்தார். வகுப்பில் பலமுறை நடத்திய பாடமே அது. ஆயினும் அதன் பொருள் அத்தெருவில்தான் விளங்கியது. ஊரார் உண்ணும் நீர் நிறைந்த குளம், ஊர் நடுவே பழுத்த மரம், மருந்தாகப் பயன்படும் மரம் ஆகிய மூன்றையும் அவ்வதிகாரத்தில் அவர் உவமையாக்கினார். ஈகை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் செல்வது. ஒப்புரவோ ஊர்ப்பொதுவைக் காப்பது. ஸதகா ஜாரியா எனும் நிலைத்த தருமத்தில் கிணறும் மரமும் அடங்கும் என்பதைச் சமுதாயப் பெரியோர் நன்கறிவர்.

அடுத்த மழைக்கு முன்னரே நம் மாணவர்கள் மீண்டும் அங்குச் சென்றனர். இம்முறை கையில் ரொட்டி இல்லை. ஏடும் எழுதுகோலும் இருந்தன. அடைபட்ட வடிகால்களைத் தெருவாரியாகக் குறித்து, மாநகராட்சிக்கு மனு எழுதினர். கோயில் தெருவும் பள்ளிவாசல் தெருவும் ஒரே தாளில் ஒப்பமிட்டன. 2025 மே மாதத்தில் கொடுங்கையூரில் குப்பை எரிஉலைத் திட்டத்தை எதிர்த்துக் குடியிருப்போர் மனிதச் சங்கிலியாக நின்றதைக் கண்டபோதும் இதுவே தோன்றியது: தூய காற்றுக்காகக் கைகோத்தவர் ஒருவர்மேல் ஒருவர் கை ஓங்குவது அரிது.

தமிழ் கற்றவர்க்கு மனு எழுதுவதும் தொண்டே. வடிகால்கள் யாவும் இன்னும் சீராகவில்லை. ரொட்டியும் இன்னும் வேண்டியிருக்கிறது. பெரியோர் தம் கொடையில் ஒரு பங்கை வாய்க்காலுக்கும் மரத்துக்கும் ஒதுக்குவார்களாக. மாணவர்கள் தம் தமிழில் ஒரு பங்கை, எழுதத் தெரியாதவர்க்காக ஒதுக்குவார்களாக. நம் முதல் மனுவில் முதல் கைநாட்டு, அந்த மூதாட்டியுடையது.