பால்மரம் பார்த்த பத்து மணி நேரம்

மெல்போர்னில் மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு, போன மார்ச்சில் ஊர் திரும்பினோம். வழியில் சிங்கப்பூரில் பத்து மணி நேரம் கிடைத்தது. காலை ஆறு மணிக்கு இறங்கினோம், திருச்சி விமானம் மாலையில்தான். ஆஸ்திரேலியா மாதிரி சில நாடுகளின் விசா கையில் இருந்தால், நம்மூர்க்காரர்கள் அங்கே 96 மணி நேரம் வரை விசா இல்லாமலே வெளியே போய்வரலாம். (போகிறவர்கள் நிபந்தனைகளை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.)

"ஏர்போர்ட்டுக்குள்ளயே பெரிய அருவி இருக்காம்ங்க, அதைப் பார்த்துட்டு உக்காந்திருப்போம்" என்றார் வீட்டம்மா.

"எனக்கு ஒரு மரத்தைப் பார்க்கணும்."

"மரம் பார்க்கவா சிங்கப்பூரு? நம்ம கொல்லையில இல்லாத மரமா?"

நம்ம கொல்லையில் இல்லாத மரம்தான். எங்கள் கிழக்குக் கொல்லைக்கு இன்றைக்கும் 'மலேயாக் கொல்லை' என்றுதான் பேர். தாத்தாவின் அண்ணன் நாகப்பட்டினத்தில் கப்பலேறி ரப்பர் தோட்டத்துக்குப் போனார். அவர் அனுப்பிய பணத்தில் வாங்கிய நிலம் அது. நிலம் வந்தது, அவர் வரவில்லை. 'பால்மரம் சீவப் போனவரு' என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள்.

ஏர்போர்ட்டில் ரயில் ஏறி, எக்ஸ்போ நிலையத்தில் மாறினால் தாவரவியல் பூங்கா வாசலிலேயே இறங்கலாம். உள்ளே போகக் கட்டணம் கிடையாது. 1859-இல் தொடங்கிய தோட்டம். 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்த ஊர் ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கும் தெம்புசு மரம் இங்கேதான் நிற்கிறது. தரையை ஒட்டி நீண்டு போகிற அதன் பெரிய கிளையை வீட்டம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். இஞ்சித் தோட்டத்தைப் பார்த்ததும், "அட, நம்ம மஞ்சளுக்கு இத்தனை சொந்தக்காரங்களா!" என்றார்.

ரப்பர் மரத்தைத் தேடிப் போனோம். பார்க்க ஒண்ணுமில்லை, நண்பர்களே. சாம்பல் பட்டை, காம்புக்கு மூன்று இலை. ஆனால் மலேயாவின் தலையெழுத்தை எழுதியது அதுதான். 1876-இல் பிரேசிலில் இருந்து சுமார் 70,000 விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. அங்கே முளைத்ததில் 22 கன்றுகள் அடுத்த வருஷம் சிங்கப்பூர் வந்தன. 1888-இல் இந்தத் தோட்டப் பொறுப்புக்கு வந்த ரிட்லி, 'ரப்பர் போடுங்கள்' என்று காப்பித் தோட்டக்காரர்களை விடாமல் நச்சரித்தார். 'கிறுக்கு ரிட்லி' என்று சிரித்தார்களாம். அப்புறம் காப்பி விலை விழுந்தது, மோட்டார் வண்டி டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. சிரித்தவர்களே விதைக்கு வந்து நின்றார்கள்.

மரம் சாகாமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் வழியைக் கண்டுபிடித்ததும் ரிட்லிதான். பட்டையை மட்டும் மீன்முள் மாதிரி மெல்லிசாகச் சீவ வேண்டும், உள்மரத்தில் கத்தி படக்கூடாது. விவசாயியாக எனக்கு அந்த வேலை புரிகிறது. மரத்துக்கு அவ்வளவு பக்குவம் பார்த்தார்கள். இருட்டோடு எழுந்து, வெயில் ஏறுமுன் நூற்றுக்கணக்கான மரம் சீவியவனுக்கு யார் பக்குவம் பார்த்தார்கள்? கங்காணி கொடுத்த முன்பணம் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்க, ஊர் திரும்பாமலே போனவர்கள் எத்தனை பேர்!

கீழே கிடந்த ஒரு இலையை வீட்டம்மா குனிந்து எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "பாவம், அவருக்கு இந்த வாசனைதானே ஊரு" என்று திரும்ப அங்கேயே வைத்துவிட்டார். அதற்குமேல் நாங்கள் பேசவில்லை.

திருச்சி விமானம் முழுக்க நம் பக்கத்துப் பிள்ளைகள். பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, புதுக்கோட்டை. பக்கத்து சீட்டுத் தம்பிக்குக் கட்டட வேலை, ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் ஊருக்கு வருகிறார். "நிலம் இருக்கா தம்பி?" என்றேன். "இருக்குங்கய்யா, ஒரு மா. அதை மீட்கத்தான் போனேன்."

கொல்லையில் இப்போது கடலை விளைந்து நிற்கிறது. பறிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.